மூன்று பேரை மட்டும் பார்த்தால் போதுமா? ரக்பி ஃப்ரண்ட் ரோவின் கணக்கு

கிரிக்கெட் மேட்ச்சுக்கு முன்னாடி "ஓப்பனிங் யாரு, டெத் ஓவர் யாருக்கு?" என்று ஹாஸ்டல் வராண்டாவில் நடக்கும் பட்டிமன்றம் நம்ம எல்லாருக்கும் தெரியும். ரக்பி ஊறிப்போன நாடுகளிலும் பெரிய சர்வதேச மேட்ச் வந்தால் இதே கதைதான். ஆனால் அங்கே பட்டிமன்றத் தலைப்பு வேற: யாரோட ஃப்ரண்ட் ரோ பலமானது?

ஃப்ரண்ட் ரோ என்றால் முன்வரிசை. 1, 2, 3 என்ற நம்பர் போட்ட மூன்று பேர். ரசிகர்கள் இரண்டு டீமின் மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடை, வயசு, அனுபவம் எல்லாம் ஒப்பிட்டு "நாங்க நசுக்கிடுவோம்" என்று அடித்துச் சொல்வார்கள்.

இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் 2019, 2023 என்று இரண்டு உலகக் கோப்பைகளில் நாக்-அவுட்டில் மோதின. இரண்டு மேட்ச்சிலும் முடிவை எழுதியதில் ஃப்ரண்ட் ரோவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மேட்ச்சுக்கு முன்னாடி எல்லாரும் ஒப்பிட்ட அந்த மூன்றுக்கு மூன்று கணக்கு இரண்டு தடவையும் உதவவில்லை. ஏன் என்று புரிய நமக்கு முதல் வருஷ இன்ஜினியரிங் மெக்கானிக்ஸே போதும். அரியர் வைத்தவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

ஸ்க்ரம் என்றால் என்ன?

ரக்பியில் ஒரு டீமுக்கு 15 பேர். பந்தைக் கையிலிருந்து முன்பக்கமாகத் தவறவிட்டால் அது சின்னத் தப்பு. ஆட்டத்தை மறுபடி தொடங்க ஸ்க்ரம் போடுவார்கள். ஒவ்வொரு டீமிலிருந்தும் எட்டு பேர் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக் குனிந்து எதிர் டீமோடு தோளோடு தோள் கோத்துத் தள்ள வேண்டும். நடுவில் இருக்கும் சுரங்கத்துக்குள் பந்து உருட்டி விடப்படும். அதைக் காலால் பின்னுக்குத் தள்ளி எடுக்க வேண்டும்.

முன்வரிசை மூவரில் நடுவில் இருப்பவர் ஹூக்கர், நம்பர் 2. இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ப்ராப். 'ப்ராப்' என்றால் முட்டுக்கொடுப்பது. சாயப்போகும் சுவருக்கு முட்டுக்கட்டை வைப்போமே, அதே வேலைதான். இடது பக்க ப்ராப் லூஸ்ஹெட், நம்பர் 1. வலது பக்கம் டைட்ஹெட், நம்பர் 3. இவர்களுக்குப் பின்னால் இரண்டு லாக், இரண்டு பக்கமும் இரண்டு ஃப்ளாங்கர், கடைசியில் நம்பர் எய்ட்.

சரி, பந்தை எடுக்கத்தானே இது, இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயமே பெனால்டிதான். தள்ளு தாங்காமல் ஒரு டீம் ஸ்க்ரம்மைச் சரித்தாலோ, நேராகத் தள்ளாமல் கோணலாக உள்ளே புகுந்தாலோ, நிமிர்ந்து எழுந்துவிட்டாலோ ரெஃப்ரி எதிர் டீமுக்கு பெனால்டி கொடுப்பார். நல்ல கிக்கர் இருந்தால் அது 3 பாயின்ட். ஒரு ட்ரைக்கே 5 பாயின்ட்தான். அதாவது, ஒருத்தர்கூட பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமலே ஒரு டீம் ஸ்கோரை ஏற்றிக்கொண்டே போகலாம்.

எடை எவ்வளவு தூரம் உதவும்?

பட்டிமன்றத்தில் முதலில் வருவது எடை. சர்வதேச டீமின் எட்டு பேரையும் சேர்த்தால் 900 கிலோவை ஒட்டி வரும், சில டீம்களுக்கு அதற்கு மேலும் வரும்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் சென்சார் பொருத்திய ஸ்க்ரம் மெஷினில் பல தரத்து டீம்களைத் தள்ளவிட்டு அளந்தார்கள். அப்போதைய விதிப்படி இரண்டு பக்கமும் பாய்ந்து மோதும் அந்த நொடியில், சர்வதேச ஆண்கள் டீம் ஒன்று கொடுத்த உச்ச விசை 16 கிலோ நியூட்டனுக்கும் மேல். அதற்குப் பிறகு நிலையாகத் தள்ளும்போது சுமார் 8.3 கிலோ நியூட்டன். 9.8-ஆல் வகுத்துப் பாருங்க: மோதும்போது 1.6 டன்னுக்கு மேல், தள்ளும்போது கிட்டத்தட்ட 850 கிலோ எடைக்குச் சமம். இவ்வளவும் போய்ச் சேருவது முன்வரிசை மூவரின் தோளிலும் கழுத்திலும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 900 கிலோ எட்டு பேரின் எடை விசை 8.8 கிலோ நியூட்டன். அவர்கள் கிடைமட்டமாகத் தள்ளுவது 8.3. இரண்டையும் வகுத்தால் தரையில் தேவைப்படும் உராய்வுக் குணகம் 0.94 அளவுக்கு வருகிறது. காய்ந்த தார் ரோட்டில் கார் டயருக்கே நாம் 0.7, 0.8 என்று போட்டுத்தான் கணக்கு செய்வோம். புல்தரையில் 0.94 எங்கிருந்து வரும்? ஷூவின் ஸ்டட் மண்ணுக்குள் இறங்குவதால்தான் வரும். இங்கே கால் வழுக்காமல் இருப்பது வெறும் உராய்வால் மட்டும் இல்லை, மண்ணின் ஷியர் வலிமையாலும்.

ஆக எடை கண்டிப்பாக உதவும். எடை கூடினால் தரைப் பிடிப்பு கூடும். ஆனால் அது பாட்டமில்தான். அந்த விசை தரையிலிருந்து கால், இடுப்பு, முதுகு வழியாகத் தோளுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் எங்கே வளைந்தாலும் போச்சு.

காலம் பக்லிங் ஞாபகம் இருக்கா? நீளமான கம்பியின் இரு முனையிலும் அழுத்தினால், அது நசுங்குவதற்கு ரொம்ப முன்னாடியே பக்கவாட்டில் வளைந்துவிடும். லோடு மையத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் இன்னும் சீக்கிரம் வளையும். ப்ராப்பின் முதுகும் அதே மாதிரிதான். முதுகு நேராக, இடுப்பும் தோளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், பின்னாலிருந்து லாக் கொடுக்கும் தள்ளு அந்தக் கோட்டிலேயே போனால் 115 கிலோ ஆள் 125 கிலோ ஆளை நகர்த்திவிடுவார். இடுப்பு மேலே போய்த் தோள் கீழே இறங்கினால் தள்ளு விசையே மொமென்ட்டாக மாறி அவரைத் தரையில் குப்புறத் தள்ளும். பின்னால் இருக்கும் ஐந்து பேர் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறார்களோ அவ்வளவு வேகமாக விழுவார்.

டைட்ஹெட் ஏன் இவ்வளவு முக்கியம்?

இரண்டு முன்வரிசையும் கோக்கும்போது ஒவ்வொருவர் தலையும் எதிராளியின் தலைக்கு இடது பக்கமாகப் போகும். அதனால் லூஸ்ஹெட்டின் இடது தோள் காலியாக வெளியே நிற்கும். டைட்ஹெட்டின் தலை எதிர் டீமின் லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இரண்டு தோளிலும் ஆள். பெயரே அப்படி வந்ததுதான்: ஒருவர் தலை லூஸ், இன்னொருவர் தலை டைட்.

இதிலிருந்து இன்னொரு விளைவு. இரண்டு டீமும் தங்கள் இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நிற்பதால், இரண்டு தள்ளு விசைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. சமமான, எதிர்த் திசையிலான, இணையான இரண்டு விசைகள். அதேதான், கப்பிள்! மேலிருந்து பார்த்தால் ஸ்க்ரம் தானாகவே கடிகார முள் திசையில் சுழலப் பார்க்கும். அப்போது லூஸ்ஹெட் பக்கம் முன்னேறும், டைட்ஹெட் பக்கம் பின்வாங்கும்.

அந்தச் சுழற்சியைத் தடுத்து நிறுத்தும் நங்கூரம் டைட்ஹெட்தான். அவர் ஒருவர் சரிந்தால் மற்ற ஏழு பேர் பீமன்களாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. லூஸ்ஹெட் ஆடுபவரை அவசரத்துக்கு டைட்ஹெட்டில் போடுவதும் லேசில் முடியாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேற வேற லோடிங்.

யோகோஹாமா, 2019

2019 உலகக் கோப்பை ஃபைனல், நவம்பர் 2, ஜப்பானின் யோகோஹாமா. ஒரு வாரம் முன்னாடி இங்கிலாந்து செமி ஃபைனலில் நியூசிலாந்தை 19-7 என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தது. தென்னாப்பிரிக்கா வேல்ஸை 19-16 என்று தட்டுத் தடுமாறித்தான் தாண்டியது. பெரும்பாலானவர்கள் இங்கிலாந்துதான் கப் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

இங்கிலாந்து முன்வரிசை: மாகோ வுனிபோலா, ஜேமி ஜார்ஜ், கைல் சிங்க்ளர். தள்ளவும் தெரியும், பந்தை வாங்கிப் பாஸ் கொடுக்கவும் தெரியும். நவீன ப்ராப் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று புகழ்ந்தார்கள். தென்னாப்பிரிக்கா: 'பீஸ்ட்' என்ற பட்டப்பெயர் கொண்ட தெண்டாய் எம்தவாரிரா, போங்கி எம்போனாம்பி, ஃப்ரான்ஸ் மல்ஹெர்பே. பெஞ்சில் ஸ்டீவன் கிட்ஷாஃப், மால்கம் மார்க்ஸ், வின்சென்ட் கோக். உலகின் சிறந்த ஹூக்கர்களில் ஒருவரான மார்க்ஸ் பெஞ்சில்!

கோச் ரஸ்ஸி எராஸ்மஸ் பெஞ்சின் எட்டு இடங்களில் ஆறை ஃபார்வர்டுகளுக்கே கொடுத்திருந்தார். இந்த பெஞ்சுக்கு 'பாம் ஸ்க்வாட்' என்று பெயர். முதல் மூவர் நாற்பது, ஐம்பது நிமிஷம் முழு வேகத்தில் தள்ளி முடித்ததும், அதே தரத்தில் புது மூவர் இறங்குவார்கள். எதிர் டீம் களைத்திருக்கும் நேரத்தில் இவர்கள் அப்போதுதான் தொடங்குவார்கள்.

மேட்ச் தொடங்கி மூன்றாவது நிமிஷத்தில் சிங்க்ளர் தன் சொந்த டீம் ஆள் மாரோ இடோஜேவோடு இடித்துக்கொண்டு தலையில் அடிபட்டு வெளியே போனார். பதிலுக்கு வந்தவர் 32 வயது டான் கோல். டைட்ஹெட்டுக்கு இங்கிலாந்து பெஞ்சில் இருந்த ஒரே ஆள் அவர்தான். அதாவது மீதி 77 நிமிஷத்துக்கும் அந்த இடத்துக்கு வேறு மாற்று கிடையாது. அவருக்கு எதிரில் முதலில் பீஸ்ட். பீஸ்ட் களைக்கும்போது கிட்ஷாஃப்.

தென்னாப்பிரிக்காவுக்கும் அன்று அடி விழுந்தது. ஹூக்கர் எம்போனாம்பி முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார். ஆனால் அங்கே உள்ளே வந்தவர் மார்க்ஸ். இங்கிலாந்துக்கு நேர்ந்த மாதிரியே ஒரு விபத்து, விளைவு மட்டும் வேற.

இங்கிலாந்து ஸ்க்ரம் திரும்பத் திரும்ப உடைந்தது, பெனால்டி மேல் பெனால்டி. ஹாண்ட்ரே போலார்ட் அன்று ஆறு பெனால்டி கிக் அடித்தார், 18 பாயின்ட். எல்லாமே ஸ்க்ரம்மில் இருந்து வந்ததில்லை, ஆனால் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்தது ஸ்க்ரம்தான். கடைசியில் மகசோலே மபிம்பி, செஸ்லின் கொல்பி ஆளுக்கொரு ட்ரை. 32-12.

மேட்ச் முடிந்ததும் பட்டிமன்றம் திரும்பத் தொடங்கியது. "சிங்க்ளர் மட்டும் இருந்திருந்தால்..." என்று ஒரு கட்சி. "கோல் வயசானவர், முடிஞ்சுபோச்சு" என்று இன்னொரு கட்சி. கோல் அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் இங்கிலாந்துக்காக ஆடவில்லை.

பாரிஸ், 2023

அடுத்த உலகக் கோப்பை, 2023 அக்டோபர் 21, பாரிஸில் செமி ஃபைனல். திரும்பவும் இதே இரண்டு டீம். இந்தத் தடவை தென்னாப்பிரிக்கா சுலபமாக ஜெயிக்கும் என்பதுதான் பொதுவான பேச்சு. இங்கிலாந்தின் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, ஏனென்றால் 36 வயதில் டீமுக்குத் திரும்பியிருந்த டான் கோலே டைட்ஹெட். கூட 33 வயது ஜோ மார்லர், நடுவில் ஜேமி ஜார்ஜ்.

நடந்தது என்ன? கோல் இருந்தவரை இங்கிலாந்து ஸ்க்ரம் தாக்குப்பிடித்தது. எதிரில் இருந்தவர்கள் கிட்ஷாஃப், எம்போனாம்பி, மல்ஹெர்பே என்று லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. இரண்டாம் பாதியில் இங்கிலாந்து 15-6 என்று முன்னிலை.

பிறகு கோலும் மார்லரும் வெளியே போனார்கள். எல்லிஸ் ஜெஞ்ச் வந்தார், அவரோடு நாலு வருஷமாக எல்லாரும் ஏங்கிய அதே கைல் சிங்க்ளரும் வந்தார். எதிர்ப்பக்கம் ஆக்ஸ் என்சே இறங்கினார். சாலட் சாப்பிட்டால் ஸ்க்ரம் ஜெயிக்க முடியாது என்ற அர்த்தத்தில் பேசிப் பிரபலமானவர், கேக் பிரியர். அவர் வந்ததும் கதையே மாறிவிட்டது. அன்று மழை வேற. மழையில் பந்து வழுக்கும், கையிலிருந்து நழுவும், நழுவினால் ஸ்க்ரம். வானமே என்சேவுக்கு எக்ஸ்ட்ரா சான்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆர்.ஜி. ஸ்னைமன் ஒரு ட்ரை போட்டார், கன்வர்ஷனோடு 15-13. கடைசி நிமிஷங்களில் இன்னொரு ஸ்க்ரம், இங்கிலாந்துக்கு எதிராக இன்னொரு பெனால்டி. கிட்டத்தட்ட 50 மீட்டர் தூரத்திலிருந்து போலார்ட் உள்ளே அடித்தார். 16-15. தென்னாப்பிரிக்கா ஃபைனலுக்குப் போனது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். அந்த உலகக் கோப்பையின் நடுவில் ஹூக்கர் மால்கம் மார்க்ஸுக்கு முழங்காலில் காயம். அவருக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்கா கூப்பிட்டது இன்னொரு ஹூக்கரை இல்லை, கிக்கர் போலார்டை. முன்வரிசை ஆள் ஒருவர் குறைந்தாலும் பரவாயில்லை என்ற ரிஸ்க் அது. ஆனால் முன்வரிசை சம்பாதிக்கும் பெனால்டியைப் பாயின்ட்டாக மாற்ற ஆள் வேண்டுமே!

அப்போ கோல் பலசாலியா, இல்லையா?

2019-இல் முடிந்துபோனவர் என்று முத்திரை குத்தப்பட்ட அதே கோல், நாலு வயசு கூடி, அதே தென்னாப்பிரிக்காவை எதிர்த்து நின்று காட்டினார். யார் இல்லாததால் தோற்றோம் என்று புலம்பினார்களோ அந்த சிங்க்ளர் களத்தில் இருக்கும்போது ஸ்க்ரம் உடைந்தது. இதை வைத்து கோல்தான் சிங்க்ளரைவிடப் பலசாலி என்று சொன்னால் அதுவும் தப்பு. எதிரில் யார், எந்த நிமிஷம், பக்கத்தில் யார், தரை ஈரமா காய்ந்ததா என்று எல்லாமே மாறியிருந்தது.

மெட்டீரியல்ஸ் லேபில் ஒரு ராடைக் கொடுத்து "இது எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டால், நாம திருப்பிக் கேட்போம்: இழுவையா, அழுத்தமா? எவ்வளவு நீளம்? முனைகள் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கு? எத்தனை தடவை லோடு? ப்ராப்பின் பலத்துக்கும் அதே கேள்விகள்தான். 2019-இல் கோலுக்கு விழுந்தது 77 நிமிஷ லோடு, அதுவும் பாதியில் எதிராளி மாறிப் புதிதாக வந்த லோடு. 2023-இல் அவருக்குக் கொடுத்தது திட்டமிட்ட, அளவான வேலை.

அதனால் மேட்ச்சுக்கு முன்னாடி ஒப்பிட வேண்டியது மூன்று பேரை இல்லை, ஆறு பேரை. இது ரசிகர் டிப்ஸ் மட்டும் இல்லை, விதியே அப்படித்தான் சொல்கிறது. 23 பேர் கொண்ட டீமில் முன்வரிசையில் ஆடப் பழகியவர்கள் குறைந்தது ஆறு பேர் இருக்க வேண்டும். அவர்களும் தீர்ந்துவிட்டால் ஸ்க்ரம்மில் தள்ளவே கூடாது, சும்மா கோத்து நிற்பதோடு சரி.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? கழுத்துக்காக. ஸ்க்ரம் சரியும்போது பின்னாலிருந்து வரும் தள்ளு நிற்காவிட்டால், தலை தரையில் குத்தி முதுகுத்தண்டு உடையும் அபாயம் உண்டு. இப்படி வாழ்நாள் முழுக்க வீல்சேரில் முடங்கியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 2013-இல் விதியை மாற்றி, முதலில் குனிந்து, எதிராளியைக் கையால் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் கோக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். பாய்ந்து மோதுகிற தூரம் குறைந்ததால் உச்ச விசை சுமார் கால் பங்கு குறைந்ததாக அளந்திருக்கிறார்கள். தள்ளுவது அப்படியே இருக்கிறது, இடி மட்டும் குறைந்தது. இம்பல்ஸ் சாப்டரை இதைவிட நல்ல காரணத்துக்கு யாரும் பயன்படுத்தியிருக்க முடியாது.

"நசுக்கிடுவோம்", "உடைச்சிடுவோம்" என்று ரசிகர்கள் ஜாலியாகப் பேசுவது அந்தக் கழுத்துகளைப் பற்றித்தான். பேசக் கூடாது என்று சொல்லவில்லை, அந்தச் சண்டையில்தான் பாதி சுவாரசியமே இருக்கு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினால் சுவாரசியம் கூடத்தான் செய்யும்.

அடுத்த தடவை யூட்யூபில் ஒரு ரக்பி டெஸ்ட் மேட்ச் கண்ணில் பட்டால், ட்ரை ஹைலைட்ஸை மட்டும் பார்க்காமல் ஒரு ஸ்க்ரம்மை முழுசாகப் பாருங்க. முதலில் இரண்டு டைட்ஹெட்டின் முதுகையும் பாருங்க, இடுப்பு தோளைவிட மேலே போகிறதா என்று. அடுத்து ஸ்க்ரம் எந்தப் பக்கம் சுழல்கிறது. பிறகு ஐம்பதாவது நிமிஷத்தில் கேமரா பெஞ்ச் பக்கம் திரும்பும்போது ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்து நிற்கும் அந்த மூன்று பேரையும் பாருங்க. மேட்ச்சுக்கு முன்னாடி யாரும் பெரிசாகப் பேசாத அவர்களில் ஒருவர்தான் கடைசி பெனால்டியை வாங்கித் தரப் போகிறவராக இருக்கலாம்.